யாருக்காக இந்த மொழிபெயர்ப்பு?

பிறமொழிப் படைப்புக்களைத் தமிழிற் கொண்டுவரும் பணி பற்றி நமது இலக்கியச் சஞ்சிகைகள் காலத்துக்குக் காலம் எழுதி வந்திருக்கின்றன. மூலத்துக்கு விசுவாசமாக இருத்தல் வேண்டுமா, படிப்பவனுக்கு எளிதாக இருத்தல் வேண்டுமா என்ற பழைய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அவ்வாதங்களுக்கெல்லாம் முன்னதாக எழுப்பப்பட வேண்டிய வினா ஒன்று பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. ஒரு படைப்பு வேறு மொழிக்குப் போகலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது? அதிகாரம் உடையவர்கள் மறுத்துவிட்டால், அப்படைப்பை நாடி நிற்கும் மக்கள் என்ன செய்ய வேண்டும்?

இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து, இலக்கிய உலகம் இதுவரை பொருட்படுத்தாத துறையொன்றை நாம் நோக்க வேண்டியிருக்கின்றது. யப்பானிய மொழியில் மட்டும் வெளிவந்து, பிற மொழிகளில் வெளியிடப்படாமற் கைவிடப்பட்ட பழைய வீடியோ விளையாட்டுக்களை, அவற்றில் பற்றுக் கொண்ட சாதாரண மக்கள் கூலி எதுவுமின்றி மொழிபெயர்த்த வரலாறே அது.

விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியச் சஞ்சிகைதானா இடம் என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். கூத்தைக் கண்டு பண்டிதர்கள் முகஞ் சுளித்த காலமும் ஒன்று இருந்தது. நாவலைக் கண்டு சுளித்த காலமும் இருந்தது. சினிமாவைக் கண்டு சுளித்தவர்களை நாமே அறிவோம். கீரியிலும் அதன் அயலில் உள்ள தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பேசாலை முதலிய ஊர்களிலும் வாழும் மாணவர்களோடு பழகும் நாம், அவர்களிற் பலர் பாடநூலுக்கு வெளியே நாள்தோறும் வாசிப்பது கைத்தொலைபேசி விளையாட்டுக்களில் வரும் வசனங்களையே என்பதைக் காண்கின்றோம். அவ்வசனங்கள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்திலேயே உள்ளன. கரைவலை இழுக்கும் தொழிலாளியின் மகன் அவற்றைப் படித்து விளங்கிக்கொள்வதில்லை. படத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டு போகிறான். பிள்ளையின் நேரத்தை இவ்வளவு தூரம் ஆட்கொண்ட ஒன்றை, அது கலையே அன்று என்று சொல்லி ஒதுக்கிவிட்டுப் போக ஆசிரியனுக்கு உரிமையில்லை.

1

1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நின்டெண்டோ நிறுவனம் 'பாமிக்கொம்' என்ற வீட்டு விளையாட்டு இயந்திரத்தை யப்பானில் விற்பனைக்கு விட்டது. 1990 நவம்பரில் அதன் வாரிசாக 'சூப்பர் பாமிக்கொம்' வந்தது. இவ்விரண்டுக்குமாக ஈராயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்கள் தயாரிக்கப்பட்டன. ஓடுவதும் பாய்வதும் சுடுவதுமே அவற்றின் முழுச் சரக்கு என்று எண்ணுதல் தவறு. ஒருவகை விளையாட்டுக்கள் நெடுங்கதைகளாகவே அமைந்தன. பாத்திரங்கள் பேசுவர், ஊர்கள் தோன்றி அழியும், விளையாடுபவன் அக்கதையின் நாயகனாகப் பல நாட்கள் அதனுள் உலவுவான். இவற்றின் வசனத் தொகுதி நாவல் அளவுக்கு நீளுவதுண்டு.

அந்த நீளமே அவற்றுக்குச் சத்துருவாயிற்று. மொழிபெயர்ப்பு என்பது நிறுவனத்துக்கு ஒரு செலவுக் கணக்கு. ஓடிப் பாயும் விளையாட்டில் பத்து வாக்கியங்களை மாற்றினால் அமெரிக்காவில் விற்கலாம். கதை விளையாட்டிலோ ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மாற்ற வேண்டும். போட்ட பணம் திரும்புமோ என்பது ஐயம். ஆகவே அவற்றுட் பல யப்பானிலேயே விடப்பட்டன. படைப்பின் தரம் இங்கு ஒரு பொருட்டாகவே கொள்ளப்படவில்லை.

இந்தத் தடையை உடைத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கொனாமி நிறுவனத்தின் 'எஸ்.டி. ஸ்னாச்சர்' என்ற விளையாட்டை ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த 'ஒயேசிஸ்' என்னும் சிறு குழுவினர் 1993இல் ஆங்கிலமாக்கினர். இத்துறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகின்றது. 1992 டிசம்பரில் யப்பானில் வெளிவந்த 'பைனல் பாண்டசி 5' ஆங்கிலத்தில் அதிகார பூர்வமாக வந்தது 1999இலேயே. அதற்கு முன்னரே 'ஆர்.பி.ஜி.ஈ.' என்ற குழுவின் இளைஞர்கள் அதனை மொழிபெயர்த்து உலகுக்கு வழங்கிவிட்டனர். 1995இல் வந்த 'செய்க்கென் தென்செத்சு 3' 2000ஆம் ஆண்டில் பற்றாளர் கையால் ஆங்கிலம் பெற்றது. நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு வருவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1994இன் 'லைவ் எ லைவ்' 2001இல் பற்றாளரின் மொழிபெயர்ப்பைக் கண்டது. நிறுவனம் விழித்தது 2022இல்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஓருண்மை புலனாகும். சந்தை இருபதாண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்தபோது மக்கள் உறங்கவில்லை. 'விற்காது' என்று தள்ளப்பட்ட பொருளுக்கு வாசகர்கள் இருந்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் நிறுவனங்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

மேலே சொன்னவை நடந்துகொண்டிருந்த 1990களில் நமது வடபுலத்தின் பெரும்பாகம் போருக்கும் பொருளாதாரத் தடைக்கும் இடையில் மின்சாரமின்றி இருளில் இருந்தது. மேல்நாட்டு மாணவன் கணினியின் முன்னமர்ந்து யப்பானிய எழுத்தை ஆங்கில எழுத்தாக்கிய அந்த இரவுகளில், நமது மாணவன் போத்தல் விளக்கின் முன் படித்துக்கொண்டிருந்தான். பிந்தி வந்து சேர்ந்தவர்கள் என்ற இந்த நிலையை மறந்துவிட்டு இத்துறையைப் பற்றி நாம் பேசுதல் இயலாது.

2

இவர்களது உழைப்பின் தன்மையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நூலை மொழிபெயர்ப்பவனுக்கு மூலநூல் கண்முன்னே திறந்து கிடக்கும். இவர்களுக்கோ மூலமே பூட்டிக் கிடந்தது.

விளையாட்டு ஒரு சிறு சில்லினுள் எண்களாகப் பதிந்திருக்கும். அவ்வெண்களில் எவை படம், எவை இசை, எவை வசனம் என்று எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. பழைய இயந்திரங்களில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு என்ற புள்ளிக் கட்டத்துள் வரையப்பட்ட சிறு படமாகவே இருந்தது. அப்படத்துக்கு ஓர் எண். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கின்றது என்பதை ஊகித்தும் சோதித்தும் கண்டு, முதலில் ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். தெரியாத லிபியிலுள்ள கல்வெட்டை வாசிப்பவனின் வேலைக்கு இது ஒப்பானது. அட்டவணை கிடைத்த பின்னரே வசனங்களை வெளியே எடுக்க முடியும்.

அடுத்தது இடத்தின் தொல்லை. யப்பானியத்தில் நாலு எழுத்தில் அடங்கும் சொல் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு நீளும். ஒரு வசனம் நீண்டால் அதை அடுத்து வரும் வசனங்கள் எல்லாம் இடம்பெயரும். ஒவ்வொரு வசனமும் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்று காட்டும் சுட்டெண்கள் விளையாட்டினுள் வேறோரிடத்தில் இருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஓரிடத்திற் பிழைத்தால் விளையாட்டு நடுவழியில் நின்றுவிடும். யப்பானிய எழுத்துக்கள் யாவும் ஒரே அகலமுடையவை. ஆங்கிலத்திலோ ஒற்றைக் கோடாக நிற்கும் எழுத்தும் உண்டு. அகன்று பரந்த எழுத்தும் உண்டு. இவற்றைச் சீராக அமைப்பதற்கு இயந்திரத்தின் கட்டளைகளையே மாற்றி எழுதினார்கள். நூலை மொழிபெயர்க்கப் புகுந்தவன் அச்சுப் பொறியையும் உருக்கி வார்த்த கதை இது.

இறுதியில் அவர்கள் வெளியிடுவது விளையாட்டையன்று. மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வேற்றுமைகளை மட்டும் அடக்கிய ஒரு சிறு கோப்பை வெளியிடுகின்றனர். மூல விளையாட்டை வைத்திருப்பவர் அதன்மேல் இதனைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கிழிந்த வலையைப் பொத்துபவர் வலையைத் தமதென்று சொல்லிக்கொள்வதில்லை. அவ்வாறே இவர்களும் நிறுவனத்தின் சொத்தைத் தொடாது, தமது உழைப்பை மட்டும் பொதுவில் வைத்தனர்.

3

இனி இவ்வகை மொழிபெயர்ப்பொன்றைத் தனியே எடுத்து ஆராய்வோம். 'மதர் 3' என்ற விளையாட்டு 2006 ஏப்பிரலில் யப்பானில் வெளிவந்தது. அதனை எழுதியவர் சிகேசாதோ இத்தோய். விளம்பர வாசகம் எழுதுவதிற் பேர்பெற்ற அவர் விளம்பரத்தின் உலகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு கதை எழுதினார் என்பது கவனிக்கத் தக்கது.

கதை நிகழும் தீவில் ஒரு கிராமம் இருக்கின்றது. அங்கு பணம் என்ற ஒன்று இல்லை. கடையில் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், ஒருவருக்கொருவர் உதவி வாழ்வார்கள். பன்றி முகமூடி அணிந்த படையொன்று தீவில் இறங்குகின்றது. காட்டு விலங்குகளின் உடலில் இயந்திர உறுப்புக்களைப் பொருத்துகின்றது. அவ்வாறு மாற்றப்பட்ட விலங்கொன்றினால் நாயகனின் தாய் கொல்லப்படுகிறாள். பின்னர் வணிகன் ஒருவன் வருகின்றான். ஒரு குரங்கின் கழுத்திலே மின்னதிர்ச்சி தரும் பட்டையைப் பூட்டி, அதன் முதுகிலே 'மகிழ்ச்சிப் பெட்டி'களை ஏற்றி, கிராமத்தவருக்கு விற்க வருகின்றான். பெட்டிக்கு முன் பணத்தையும் பணத்தோடு ஆசையையும் அவன் அவர்களுக்குக் கற்பிக்கின்றான். மூன்றாண்டுகள் கழிகின்றன. கிராமத்துக்கு இரயில் வந்துவிட்டது, ஆலை வந்துவிட்டது, முதியோரைத் தள்ளிவைக்க ஒரு விடுதியும் வந்துவிட்டது. பெட்டி வாங்க மறுத்தவர் வீட்டின் மேல் இடி விழுகின்றது. இறுதியிலே வெளிப்படும் உண்மையோ இன்னும் கொடியது. அம்மக்கள் அழிந்துபோன ஓர் உலகிலிருந்து தப்பி வந்தவர்கள். பழைய நினைவுகளை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் புதிய வேடம் பூண்டு வாழ்ந்தவர்கள்.

ஒரு கிராமம் சந்தைக்குள் இழுக்கப்படும் வரலாற்றை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நாவல்கள் எத்தனை இருக்கின்றன? கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. வலையும் வள்ளமும் யாருடையவை, பங்கு யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி கரைவலைக் கரைகளில் நாள்தோறும் எழும் கேள்வி. இயந்திரம் வந்தபோதும் கடன் வந்தபோதும் அக்கேள்வியின் உருவம் மாறியதேயன்றி அது மறையவில்லை.

கதையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்தின் பழைய வாழ்வைக் களங்கமற்ற பொற்காலமாகவே முன்பகுதி காட்டுகின்றது. தீமை முழுவதும் வெளியிலிருந்தே வருகின்றது. பழைய கிராமத்துக்குள்ளேயே மேலோர் கீழோர் என்ற பேதம் இருந்ததை அறிந்த நாம் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. ஆயினும் அந்தப் பொற்காலமே புனைந்த வேடம் என்று பிற்பகுதியில் ஆசிரியர் தாமே உடைத்துக் காட்டுவதால், கதை வெறும் பழைமை மோகமாக முடிந்துவிடவில்லை.

இத்தகைய படைப்பை நின்டெண்டோ நிறுவனம் யப்பானுக்கு வெளியே வெளியிடவில்லை. 'தொமேட்டோ' என்ற புனைபெயருடைய கிளைட் மண்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தலைமையில் ஒரு குழு அதனை மேற்கொண்டது. ஆயிரம் பக்கமளவு வசனம், இரண்டாண்டு காலம், கூலியில்லாத ஆயிரக்கணக்கான மணிநேர வேலை. 2008 ஒக்டோபர் 17ஆம் நாள் மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. முதல் வாரத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட முறை அது இறக்கி எடுக்கப்பட்டது. நிறுவனம் முறையாக வெளியிடுமாயின் தமது மொழிபெயர்ப்பை இலவசமாகவே தருவதாக மண்டலின் 2013இல் அறிவித்தார். அந்தக் கொடை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 2024 பெப்ரவரியில் அவ்விளையாட்டைத் தனது புதிய இயந்திரத்துக்கு நிறுவனம் வழங்கிய போதும், யப்பானியருக்கு மட்டுமே வழங்கிற்று.

மொழிபெயர்ப்பின் தரம் எத்தகையது? ஓர் உதாரணத்தைக் காண்போம். மேலே சொன்ன வணிகனுக்கு மூலத்தில் 'யொக்குபா' என்று பெயர். பேராசையைக் குறிக்கும் யப்பானியச் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. மண்டலின் அப்பெயரை அப்படியே வைக்கவில்லை. 'பேராசைக்காரன்' என்று பச்சையாகவும் பெயர்க்கவில்லை. 'பசாட்' என்று ஒரு புதுப் பெயர் படைத்தார். ஆங்கிலக் காதுக்கு அது வெளிப்பூச்சு என்ற சொல்லை நினைவூட்டும். அரபு மொழியிலோ அவ்வொலி சீர்கேட்டைக் குறிக்கும். மூலப்பெயர் அவனது உள்ளத்தைச் சொல்லிற்று. புதிய பெயர் அவனது வேடத்தையும் அவன் விளைக்கும் நாசத்தையும் சேர்த்துச் சொல்கின்றது. நமது முஸ்லிம் மக்களின் பேச்சில் 'பசாது' என்ற சொல் கலகத்தையும் கேட்டையும் குறித்து வழங்குவதை எருக்கலம்பிட்டியில் ஒருநாள் நின்று கேட்டாலே அறியலாம். தமிழில் இக்கதையைச் செய்ய முன்வருபவனுக்குப் பெயர் தயாராகக் காத்திருக்கின்றது!

பெயரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்ற இதே சிக்கலை மன்னாரின் கூத்துக்காரர்கள் முன்னரே எதிர்கொண்டவர்கள். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த சமயக் கதைகள் காலப்போக்கில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்ற இருவகைக் கூத்துக்களுக்குள்ளும் வாசாப்புக்களுக்குள்ளும் புகுந்தன. 'மூவிராசாக்கள்' என்று ஒரு கதையை முழுத் தமிழாக்கிய புலவர்களே, 'என்றிக்கு எம்பரதோர்' என்று இன்னொரு கதையில் போர்த்துக்கேயச் சொல்லை அப்படியே விட்டுவைத்தார்கள். பேரரசன் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் அந்நிய மண்ணின் பாரம் அந்த ஒலியில் இருக்கட்டும் என்று விட்டார்கள். ஏட்டிலிருந்து ஏட்டுக்கும், பின்னர் கொப்பியிலிருந்து கொப்பிக்கும் கையாற் பெயர்த்தெழுதிக் காத்தவர்கள் ஊர் அண்ணாவிமார்களே. உரிமைப் பத்திரம் கேட்டு எந்த நாட்டுக்கும் அவர்கள் விண்ணப்பிக்கவில்லை. பற்றாளரின் மொழிபெயர்ப்பு என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று என்பதற்கு நமது கரையே சாட்சி.

4

இவ்வளவு சொன்னதால் இம்முயற்சிகள் யாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட வேண்டுமென்பது நமது கருத்தாகாது. விமரிசனம் என்பது பூசையன்று.

முதலாவதாக, பொறுப்பின்மை. 1995இல் வெளியான 'டேல்ஸ் ஒவ் பாண்டேசியா' என்ற விளையாட்டை 'தேஜாப்' என்ற குழு 2001இல் ஆங்கிலமாக்கிற்று. பெரும் உழைப்பு அதில் இருந்தது. ஆனால் மூலத்தில் இல்லாத ஆபாசக் கொச்சை வசனமொன்றைப் பெண் பாத்திரம் ஒன்றைப் பற்றி அவர்கள் தாமாகவே சேர்த்தார்கள். படைப்பு பின்னுக்குப் போய், அந்தச் சிரிப்பு வசனமே பலர் வாயில் நின்றது. கூலி வாங்காமற் செய்வதனால் மூல ஆசிரியனுக்கும் விளையாடுபவனுக்கும் கடமை இல்லாமற் போய்விடுமா? கூலியின்றிச் செய்பவனுக்கு மனச்சாட்சியே மேற்பார்வையாளன்; ஆகவே அவன் பொறுப்புப் பெரிது.

இரண்டாவதாக, சட்டம். மொழிபெயர்க்கும் உரிமை உரிமையாளருடையது என்று பேர்ன் சமவாயமும், நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் சொல்கின்றன. எழுத்தாளனின் வயிற்றை அடிக்கும் திருட்டுப் பதிப்பை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உரிமையாளன் தானும் வெளியிடான், பிறரையும் வெளியிட விடான் என்ற நிலையிலே அச்சட்டம் யாரைக் காக்கின்றது? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 வீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. உரிமை இருக்கின்றது, பொருள் இல்லை! தானியத்தைப் பூட்டிவைத்துப் பூச்சிக்குக் கொடுக்கும் பதுக்கல்காரனுக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. கல்விக்கும் ஆராய்ச்சிக்குமாக வளர்முக நாடுகள் மொழிபெயர்ப்பு அனுமதியைக் கட்டாயமாகப் பெறலாம் என்று பேர்ன் சமவாயத்தின் 1971ஆம் ஆண்டுப் பின்னிணைப்பே இடந்தருகின்றது. மொழிபெயர்ப்பு உரிமைக்கும் மக்களின் தேவைக்கும் இடையில் முரண்பாடு உண்டு என்பதைச் சட்டம் இயற்றியவர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

மூன்றாவதாக, நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது உழைப்பு. பற்றினாற் செய்கின்றார்கள், ஆகவே கூலி கேட்க மாட்டார்கள் என்பது முதலாளிக்கு எவ்வளவு வசதி! மொழிபெயர்த்து, மக்களிடையே ஆசையை வளர்த்து, விற்பனைக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுப்பவர்கள் இவர்கள். பத்திருபது ஆண்டுகளின் பின் அறுவடைக்கு வருவது நிறுவனம். ஆயினும் இதற்கு விலக்கான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 'ட்ரெயில்ஸ் பிரம் சீரோ' என்ற விளையாட்டை 'ஜியோபிரண்ட்' என்ற பற்றாளர் குழு 2020இல் மொழிபெயர்த்தது. என்.ஐ.எஸ். அமெரிக்கா நிறுவனம் அந்த உழைப்பைக் குழுவின் ஒப்புதலுடன் ஏற்று, அதனையே அடிப்படையாகக் கொண்டு 2022இல் முறையான பதிப்பை வெளியிட்டது. ஏற்றுக்கொள்வது இயலாத காரியமன்று என்பதை இது மெய்ப்பித்தது.

5

இத்தனைக்கும் நடுவே தமிழ் எங்கே இருக்கின்றது? யப்பானியத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து எசுப்பானியம், போர்த்துக்கேயம் என்று இவ்வேலை உலகெங்கும் பரவியிருக்கின்றது. பிரேசில் நாட்டு இளைஞர்கள் பல விளையாட்டுக்களைத் தம் மொழிக்குக் கொண்டுவந்துவிட்டனர். தமிழரிடையே இதற்கு ஈடான ஓர் இயக்கம் தோன்றவில்லை. நமக்கு ஆங்கிலமே போதும் என்ற நடுத்தர வர்க்க மனப்பான்மை இதற்கு ஒரு காரணம். ஆங்கிலம் போதும் என்பவர்கள் ஆங்கிலம் கற்றவர்களே. கற்பதற்கு வசதியற்ற பிள்ளையிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

தமிழ் எழுத்து இயந்திரத்துக்கு ஒத்துவராது என்ற சாக்கும் சொல்லப்படலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 247 எழுத்துக்களையும் தனித்தனியே வரையத் தேவையில்லை. உயிரும் ஆய்தமும் 13. மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்னும் ஆறு நிலைகளில் 18 மெய்க்கும் 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. ஆக 125 வடிவங்கள். பழைய இயந்திரத்தில் ஓர் எழுத்துக்குரிய எண் 256 வரை செல்லும். கிரந்த எழுத்துக்களும் இலக்கங்களும் சேர்ந்தாலும் இடம் மிஞ்சும். தட்டச்சுப் பொறியை அமைத்தவர்கள் வடிவங்களைப் பகுத்துச் சேர்த்த வழியும் இதற்கு ஒப்பானதே. மெய்யான தொல்லை அகலத்தில் இருக்கின்றது. எட்டுப் புள்ளி அகலத்துக்குள் 'ணூ' வை எழுத முடியாது. ஆனால் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் வித்தையை ஆங்கிலத்துக்காக முன்னரே எழுதிவிட்டார்கள். அதனை நாம் விரித்துக்கொள்ளலாம்.

மேலும், ஆங்கிலத்தைவிட யப்பானியம் அமைப்பில் நமக்கு அண்மையது. வினை இறுதியில் வருவது. உருபு சொல்லின் பின்னே ஒட்டுவது. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு சொற்களாக இருப்பது. பேசுவோரின் நிலைக்கேற்ப மரியாதை மாறுவது. யப்பானியமும் தமிழும் ஒரே குலத்தவை என்ற சுசுமு ஓனோவின் கொள்கையை மொழியியலாரிற் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து நிகழ்த்திய ஆய்வுகள், இவ்விரு மொழிகளையும் ஆங்கிலத்தின் கைப்பிடி இன்றி நேருக்கு நேர் நிறுத்தலாம் என்று காட்டின. யப்பானிய அண்ணன் ஆங்கிலத்துள் புகுந்து வெறும் 'சகோதரன்' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது மூத்தவனா இளையவனா என்று நாம் தடுமாறுவது எவ்வளவு வேடிக்கையானது!

மொழிபெயர்ப்பு எப்படி நடைபெற வேண்டும் என்பதற்கு நமது வாசகர் அறிந்த முன்னுதாரணம் ஒன்றுண்டு. 1931இல் மொஸ்கோவில் தொடங்கப்பட்டுப் பின்னர் முன்னேற்றப் பதிப்பகம் என்று பெயர் பெற்ற நிறுவனம், பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் முதலியோரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தி, தமிழ் நூல்களை மலிவு விலையில் நமது கைக்குக் கொண்டுவந்தது. சோவியத் அரசு 1991இல் வீழ்ந்ததோடு அந்த ஊற்று வற்றிவிட்டது. எந்த நூலைப் பெயர்ப்பது என்ற தெரிவில் அவ்வரசின் கை இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பு சந்தைக்கு விடப்படும் சரக்காகவோ தனியாளின் தியாகமாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை, சமூகம் கூலி கொடுத்துச் செய்விக்கும் பொதுப்பணியாகவும் இருக்க முடியும் என்பதை அது நிரூபித்தது.

ஆகவே நமது முடிவு இரு பக்கம் கொண்டது. பல்கலைக்கழகங்களும் அரச மொழித் திணைக்களங்களும் மொழிபெயர்ப்பைக் கூலியுள்ள பொதுப்பணியாக மேற்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடக் கூடாது. விளையாட்டும் அப்பணியின் எல்லைக்குள் அடங்க வேண்டும். அந்த நாள் வரும்வரை கைகட்டி இருப்பதும் கூடாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்ததில் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதனின் பங்கு பெரிது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி எவரும் படிக்க வைத்திருக்கின்றது. விளையாட்டுத் துறையிலும் பூட்டில்லாத படைப்புக்கள் உள. 2003இல் தொடங்கப்பட்ட 'வெஸ்னோத்துக்கான போர்' என்ற கதை விளையாட்டையும், சிறுவர்க்கான கல்வி விளையாட்டுத் தொகுதியாகிய 'ஜீகொம்பிரி'யையும் எவரும் எம்மொழியிலும் பெயர்ப்பதற்கு அவற்றின் உரிமமே அனுமதிக்கின்றது. அங்கு சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நமது உழைப்பைப் பின்னொரு நாளில் எவரும் பூட்டிக்கொள்ளவும் முடியாது.

உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பேரும் ஓராசிரியரும் சேர்ந்தால் இவ்வேலையைத் தொடங்கிவிடலாம். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் ஒருங்கே பயிலும் வகுப்பாக அது அமையும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் வள்ளத்துக்கும் வலைக்கும் காற்றுக்கும் வைத்திருக்கும் சொற்கள் எந்த அகராதியும் தராத செல்வம். கடலிற் செல்லும் நாயகனின் கதையை மொழிபெயர்க்க அவர்களை விடத் தகுதியானவர் யார்? அச்சொற்கள் திரையில் ஏறும்போது, தன் வீட்டுப் பேச்சும் எழுதத் தக்க மொழியே என்று அப்பிள்ளை உணர்வான். அதற்காகத்தான் இந்த மொழிபெயர்ப்பு. ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாடசாலைகளில் இதனைத் தொடங்குவார்களாக. தொடங்கியவர்கள் தமது அனுபவத்தை இப்பக்கங்களில் எழுதுவார்களாக.